ரகசியம் கசிந்தது யார் கையில்?

யாருடைய பாஸ்வேர்டாவது திருடு போனால் ‘பிறந்த தேதியை வைத்திருப்பார்’ என்று பறிகொடுத்தவர் மேலேயே பழி போடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கடவுச்சொல் பிறந்த இடத்திலேயே அதைக் கோட்டை விட்டவர்கள், அதைக் காக்க வேண்டியவர்கள்தான்.

அந்த இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஒரே கணினியைப் பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையை ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் அங்கே 1961 நவம்பரில் இயக்கிக் காட்டினார்கள். ஆளுக்குத் தனித்தனிக் கோப்புகள், அளந்து கொடுத்த கணினி நேரம். வந்திருப்பவர் யார் என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டுமே! அதற்காக வந்ததுதான் கடவுச்சொல்.

ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கிடைத்த நேரம் போதவில்லை. எந்தக் கோப்பு வேண்டுமென்று துளை அட்டையில் குறித்துக் கொடுத்தால் அச்சிட்டு வைப்பார்கள். மற்றவர்களின் நேரத்தையும் பயன்படுத்திக்கொள்ள, 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே கேட்டு அட்டையைப் போட்டார். சனிக்கிழமை விடியற்காலையில் போய், அச்சாகியிருந்த தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பூட்டை உடைக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை; கேட்டார், கிடைத்தது.

1966இல் நடந்தது இன்னும் மோசம். நிர்வாகிகளில் ஒருவர் அன்றைய அறிவிப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் பட்டியலையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். எடிட்டர் மென்பொருள் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்க, இரண்டும் இடம் மாறிவிட்டன. லாகின் செய்த ஒவ்வொருவர் முன்னாலும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகின.

பயனர்கள் அப்பழுக்கற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதம் எளிதில் சிக்கக்கூடியவை என்று காட்டினார்கள். இரண்டே எழுத்துகள் கொண்டவைகூட அதில் இருந்தன. ஆனால் அவர்கள் பயனருக்குப் புத்தி சொல்வதோடு நிற்கவில்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தில் கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கும் வழக்கத்தையே கைவிட்டிருந்தார்கள். அதோடு ஒரு எண்ணைக் கலந்து, திரும்பப் பிரிக்க முடியாதபடி உருமாற்றி, அந்த உருவத்தையும் அந்த எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். கோப்பு களவு போனாலும் கடவுச்சொல் நேரடியாகக் கிடைக்காது.

இப்போது பரவிவரும் பாஸ்கீ முறை ஒரு படி மேலே போகிறது. ரகசியச் சாவி பயனர் பக்கமே இருக்கும். தளம் அனுப்பும் புதிருக்கு நம் போன் அந்தச் சாவியால் கையெழுத்திட்டு அனுப்பும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டுமே தளத்திடம் இருக்கும். அதைத் திருடி உள்ளே நுழைய முடியாது.

அது எல்லாத் தளங்களுக்கும் வரும்வரை நாமே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்துங்கள். புதிதாக வைத்துக்கொள்ளச் சொன்னால் சரி. உங்கள் பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தால், அதைத் திரும்பப் படிக்கும் விதத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கணக்கை மூடிவிடுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் இன்றே மாற்றுங்கள்.