இரண்டு வாரத்தில் திரும்பலாம் என்று போனவர்கள்

பலஸ்தீன அகதிக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஒரு பழைய திறப்பு பத்திரமாக இருக்கிறது. 1948இல் பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு. வீடு இல்லை, பல இடங்களில் ஊரே இல்லை. இஸ்ரேல் உருவான அக்காலப் போரில் ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் விரட்டப்பட்டனர், அல்லது அஞ்சி ஓடினர். 400க்கும் மேற்பட்ட ஊர்கள் வெறுமையாயின. இதனை அவர்கள் 'நக்பா' என்பர். பேரழிவு என்று பொருள்.

எல்லை தாண்டியவர்களின் கதை ஓரளவு நாம் அறிந்ததே. எல்லை தாண்டாமல், இஸ்ரேலியப் பிரஜைகளாகவே இருந்தும் ஊர் திரும்ப முடியாதவர்களும் உள்ளனர். இக்ரித் ஊரவர்கள் அத்தகையோர்.

லெபனான் எல்லையோரத்துக் கிறிஸ்தவக் கிராமம் அது. சுமார் 500 பேர். 1948 ஒக்டோபர் இறுதியில் இராணுவம் வந்தபோது எதிர்ப்பின்றிச் சரணடைந்தனர். பாதுகாப்புக்காக இரண்டு வாரம் விலகியிருங்கள் என்று நவம்பரில் அவர்களை வேறு ஊருக்கு ஏற்றிச் சென்றனர். இரண்டு வாரம் இரண்டு வருடங்களைத் தாண்டியது. சனங்கள் நீதிமன்றம் போனார்கள். 1951 ஜூலையில், அவர்கள் திரும்பலாம் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு கையில் இருந்தது, பாதை திறக்கப்படவில்லை. அவ்வருட நத்தாரையொட்டி இராணுவம் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. தேவாலயமும் சேமக்காலையும் எஞ்சின.

ஆயுதம் செய்த வேலையைச் சட்டம் முடித்துவைத்தது. 1950இன் சட்டமொன்று, ஊரைவிட்டுப் போனவர்களை 'இல்லாதோர்' என்று வகுத்து, அவர்களின் காணிகளை அரச பொறுப்பில் எடுத்தது. நாட்டுக்குள்ளேயே பக்கத்து ஊரில் இருந்தவர்களும் இதற்குள் அகப்பட்டனர். அவர்களுக்கு 'இருக்கின்ற இல்லாதோர்' என்று பெயர்! முதன்முதல் வாசித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இக்ரித்தின் காணிகள் இன்னொரு சட்டத்தால் சுவீகரிக்கப்பட்டன. சமூகவியலில் இதைக் குடியேற்றக் காலனித்துவம் என்பர். வந்தவர்களுக்கு மண்தான் வேண்டும். அதில் வாழ்ந்தவர்கள் வேண்டியதில்லை. 1967இல் கைப்பற்றிய மேற்குக் கரையிலும் குடியேற்றங்கள் இப்படித்தான் பெருகின.

இக்ரித் மக்களை அனுமதித்தால் மற்றைய ஊரவர்களும் கேட்பார்கள் என்று 1972இல் அரசாங்கம் மறுத்தது. 2003இல் உயர் நீதிமன்றமும் கைவிரித்தது.

ஆனாலும் இறந்தவர்களை அங்கே அடக்கம் செய்ய விடுகிறார்கள். கலியாணமும் ஞானஸ்நானமும் அந்தத் தேவாலயத்தில்தான். 2012இல் பேரப்பிள்ளைகள் சிலர் அதனருகே தங்கத் தொடங்கினர். அவர்கள் நட்ட மரங்களை அதிகாரிகள் பிடுங்கினர். பிள்ளைகள் மறுபடியும் நட்டார்கள்.