லினக்ஸுக்குக் கிடைத்த துபாஷி

"ஐயா, அண்ணனுடைய கணிப்பொறியிலும் இதே செயலிதான், இதே அளவு நினைவகம்தான். அங்கே ஓடுகிற விளையாட்டு இங்கே மட்டும் ஏன் ஓட மறுக்கிறது?"

எங்கள் கல்லூரியின் முதலாண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் கேட்ட கேள்வி இது. எங்கள் இயற்பியல் ஆய்வகக் கணிப்பொறிகள் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பில் இயங்குபவை. அவன் கொண்டுவந்ததோ விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டு. "ஆய்வகத்தில் விளையாட்டா?" என்று கடிந்துகொள்ள வாயெடுத்தேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதற்கான விடையை உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

கட்டளை வேறு, கோரிக்கை வேறு

எந்த விளையாட்டும் செயலிக்கு இடப்படும் கட்டளைகளின் தொடரே. 'இவ்விரு எண்களைக் கூட்டு', 'விடையை அங்கே வை' என்பன போன்ற கட்டளைகள் அவை. மேலே இருப்பது விண்டோஸா, லினக்ஸா என்பதைப் பற்றிச் செயலிக்குக் கவலையில்லை. மாணவன் சொன்னது சரிதான், இயந்திரம் ஒன்றே.

ஆனால் விளையாட்டு எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள முடியாது. கோப்பைத் திறக்க வேண்டும். திரையில் படம் வரைய வேண்டும். எந்த விசை அழுத்தப்பட்டது என்று அறிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் இயக்க அமைப்பிடம் கோரிக்கை வைக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். ஒரு கோப்பைத் திறக்க விண்டோஸில் 'கிரியேட்ஃபைல்' என்று கேட்க வேண்டும். லினக்ஸில் 'ஓப்பன்' என்று கேட்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் உள்ளன. பெயரும் வேறு, கேட்கும் முறையும் வேறு.

நிரல் பொதியப்பட்டிருக்கும் விதமும் வேறுதான். விண்டோஸ் நிரல் கோப்பு ஒவ்வொன்றும் எம், இசட் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகள் அவை. லினக்ஸ் எதிர்பார்ப்பதோ வேறு அடையாளம். எனவே வாசலிலேயே "நீ யாரென்று தெரியவில்லை" என்று அது திருப்பி அனுப்பிவிடுகிறது.

கையால் மாற்றியவர்கள்

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991இல். 1993 டிசம்பரில் வெளிவந்த 'டூம்' என்ற புகழ்பெற்ற விளையாட்டு, மறு ஆண்டே லினக்ஸுக்கும் வந்துவிட்டது. அதை உருவாக்கிய நிறுவனத்தில் பணியாற்றிய ஒருவரே ஆர்வத்தால் மாற்றி எழுதினார்.

இதையே தொழிலாகச் செய்ய 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லோக்கி என்ற நிறுவனம் தோன்றியது. விளையாட்டுக்கு உரியவர்களிடம் மூல நிரலைப் பெற்று, லினக்ஸுக்கு ஏற்ப மாற்றி எழுதி விற்பது அதன் வேலை. 1999இல் முதல் விளையாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2002 ஜனவரியில் கடையை மூடிவிட்டது!

காரணம் என்ன? ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியே மாற்றி எழுத வேண்டும். அதற்குள் விண்டோஸ் பதிப்பு சந்தைக்கு வந்து பழகிப்போயிருக்கும். வாங்குவோரும் சிலரே. விளையாட்டு இல்லாததால் ஆட்கள் வரவில்லை. ஆட்கள் வராததால் விளையாட்டும் வரவில்லை. செக்குமாட்டுச் சுற்று என்பது இதுதான்.

ஆயினும் அந்த உழைப்பு வீணாகவில்லை. லோக்கியில் பணிபுரிந்த சாம் லாண்டிங்கா எழுதிய எஸ்.டி.எல். என்ற நிரல் தொகுப்பு இன்றும் எண்ணற்ற விளையாட்டுகளுக்குள் இருந்து உழைத்து வருகிறது.

வந்தார் துபாஷி

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்ததை வரலாற்றில் படித்திருப்பீர்கள். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். இரு தரப்பாரும் தத்தம் மொழியிலேயே பேச, நடுவில் இருப்பவர் மாற்றிச் சொல்வார். விளையாட்டை மாற்றாமல், அதன் அருகில் ஒரு துபாஷியை நிறுத்தினால் என்ன?

1993இல் தொடங்கிய 'வைன்' என்ற திட்டம் அதைத்தான் செய்தது. 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார் அதை வழிநடத்தி வருகிறார். இது ஒரு கணிப்பொறியைப் போல மற்றொன்றை நடிக்கவைக்கும் முறையன்று. அம்முறையில் ஒவ்வொரு கட்டளையும் மாற்றப்பட வேண்டியிருக்கும், வேகம் குறையும். வைனிலோ கட்டளைகள் நேரே செயலிக்குப் போகின்றன. கோரிக்கைகள் மட்டுமே மாற்றப்படுகின்றன.

சொல்வது எளிது. விண்டோஸின் உள்ளமைப்போ பூட்டப்பட்ட பெட்டி. ஆகவே ஒரு கோரிக்கையை அனுப்பி, என்ன விடை வருகிறது என்று குறித்துக்கொண்டு, அதே விடையைத் தரும் நிரலைத் தாமே எழுதினார்கள். மூடிய பெட்டிக்குள் என்ன மின்சுற்று இருக்கிறது என்பதை வெளிமுனைகளில் அளந்தே கண்டுபிடிக்கும் சோதனையை ஒத்தது இது. விண்டோஸில் பிழை இருந்தால் அந்தப் பிழையையும் அப்படியே செய்ய வேண்டியிருந்தது. சில விளையாட்டுகள் அதையும் நம்பியிருந்தன! வைனின் முதல் முழுப் பதிப்பு 2008 ஜூனில் வெளிவந்தது. பதினைந்து ஆண்டு உழைப்பு!

கடைக்காரரின் கவலை

கணிப்பொறி விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' என்ற பெரிய இணையக் கடையை நடத்துவது வால்வ் நிறுவனம். 2012இல் விண்டோஸ் 8 தனக்கென ஒரு கடையுடன் வரவிருந்தபோது, வால்வின் தலைவர் கேப் நியூவெல் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். தம் கடை நிற்கும் நிலமே இன்னொருவருடையது என்ற கவலை அது. அவர் பார்வை லினக்ஸின் பக்கம் திரும்பியது.

அவ்வாண்டு வால்வ் பொறியாளர்கள் தங்கள் விளையாட்டு ஒன்றை லினக்ஸுக்கு மாற்றினர். முதலில் நொடிக்கு வெறும் 6 படங்களே திரையில் வந்தன. பல திருத்தங்களுக்குப் பின் அது 315 ஆயிற்று. அதே கணிப்பொறியில் விண்டோஸ் 7 காட்டியது 270.6. லினக்ஸ் மெதுவானது என்ற எண்ணம் பொய்த்தது.

ஆனால் பிறருடைய விளையாட்டுகள்? 2015இல் வந்த 'ஸ்டீம் மெஷின்' கருவிகள், போதிய விளையாட்டுகள் இல்லாததால் விலைபோகவில்லை. மீண்டும் துபாஷியைத்தான் நாட வேண்டியிருந்தது.

எஞ்சியிருந்த பெரிய தடை படம் வரைதல். நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடியே கிடைக்கும். அதற்குள் ஆயிரக்கணக்கான வரைதல் கோரிக்கைகளை மாற்றியாக வேண்டும். 2016இல் 'வல்கன்' என்ற புதிய பொது வரைகலை முறை வந்தது. விண்டோஸின் டைரக்ட்3டி கோரிக்கைகளை வல்கனுக்கு மாற்றும் 'டி.எக்ஸ்.வி.கே.' என்ற நிரலை ஓர் இளம் நிரலாளர் எழுதத் தொடங்கினார். தமக்குப் பிடித்த ஒரு விளையாட்டு லினக்ஸில் ஓட வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்!

வைனையும் இதையும் இணைத்து 2018 ஆகஸ்டில் வால்வ் 'புரோட்டான்' என்ற பெயரில் வெளியிட்டது. அன்று சோதித்து ஏற்கப்பட்டவை 27 விளையாட்டுகள். பின்னர் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. 2022 பிப்ரவரியில் லினக்ஸில் இயங்கும் 'ஸ்டீம் டெக்' என்ற கைக்கருவி விற்பனைக்கு வந்தது. 2025 அக்டோபரில் ஸ்டீம் பயனர்களில் லினக்ஸ் வைத்திருப்போர் நூற்றுக்கு மூவரைத் தாண்டினர்.

திறவாத கதவு

ஒரு கதவு மட்டும் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. பலர் இணையத்தில் கூடி ஆடும் விளையாட்டுகளில் கள்ள ஆட்டத்தைப் பிடிக்கக் காவல் நிரல்கள் உண்டு. விண்டோஸில் இவற்றுள் சில, இயக்க அமைப்பின் கருப்பகுதி வரை புகுந்து கண்காணிக்கின்றன. லினக்ஸின் கருப்பகுதியையோ யாரும் திருத்தி அமைக்கலாம். அதன் பெருமையே அதுதான். "திருத்தக்கூடியதை எப்படி நம்புவது?" என்று சில நிறுவனங்கள் கேட்கின்றன. 2024 அக்டோபர் இறுதியில் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டு லினக்ஸுக்குக் கதவை அடைத்துவிட்டது. நேர்மையாக ஆடியவர்களும் வெளியே நிற்க நேர்ந்தது.

இங்கே துபாஷியால் பயனில்லை. மொழி புரியாமை என்றால் அவர் தீர்த்துவைப்பார். நம்பிக்கை இன்மையை அவர் எப்படித் தீர்ப்பார்? உள்ளே யாரையும் உற்றுநோக்காமலே கள்ள ஆட்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? இன்றைய நிரலாளர்கள் முன் உள்ள கடினமான கணக்கு இது. நாளை உங்களில் ஒருவர் இதற்கு விடை காணலாம்.

அதற்கு முன் ஒரு சிறு சோதனை. விண்டோஸ் நிரல் கோப்பு ஒன்றை நகலெடுத்து, அந்த நகலை எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள். புரியாத குறிகளின் குவியலுக்கு முன்னே அந்த இரண்டு எழுத்துகள் நிற்கும். அன்று எங்கள் மாணவனும் இதைச் செய்து பார்த்தான். அதன்பின் அவன் கேட்ட கேள்வி விளையாட்டைப் பற்றியதன்று. "வைனின் மூல நிரலை நாம் படிக்கலாமா, ஐயா?" என்று கேட்டான்.

படிக்கலாம். அது பூட்டாத பெட்டி.