பைக் இன்ஜினில் கார் ஓடும்... தெரியுமா?

ஃபார்முலா 1 காரில் இன்ஜின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதே, அது அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒரு பைக் செயின் காரணம் என்பது தெரியுமா?

1946. போர் முடிந்தும் பெட்ரோலுக்கு ரேஷன் தீராத இங்கிலாந்து. லண்டனை ஒட்டிய சர்பிட்டனில் கராஜ் நடத்திய சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும், காசு அதிகம் இல்லாதவர்களும் ரேஸ் ஓட்டட்டும் என்று ஒரு கார் செய்ய இறங்கினார்கள். ஃபியட் டோபொலினோ என்ற குட்டிக் காரின் முன்பக்கத்தை இரண்டு எடுத்து, ஒன்றை முன்னாலும் இன்னொன்றைத் திருப்பிப் பின்னாலும் வைத்தார்கள். இன்ஜின்? ஜே.ஏ.பி. கம்பெனியின் 500 சி.சி. ஒற்றை சிலிண்டர் பைக் இன்ஜின்! அதிலிருந்து பின் சக்கரத்துக்குச் செயின் போட வேண்டும், செயின் எட்டுகிற தூரத்தில் இன்ஜின் இருக்க வேண்டும். அதனால் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் போனது. அவ்வளவுதான்!

இந்தக் காரை வாங்கி 1948-ல் ரேஸ் ஓட்டத் தொடங்கிய 18 வயதுப் பையன்தான் ஸ்டிர்லிங் மாஸ். 1950-ல் இந்த 500 சி.சி. பிரிவே சர்வதேச ஃபார்முலா 3 ஆனது. கூப்பர்கள் பின்பு பெரிய இன்ஜினுக்கு மாறியபோதும் இன்ஜினின் இடத்தை மாற்றவில்லை. 1958 அர்ஜென்டினா கிராண்ட் ப்ரீயில் மாஸ், 1959-லும் 1960-லும் உலக சாம்பியனாக ஜாக் பிராபம், மூன்றும் கூப்பர் காரில்! இன்ஜினைப் பின்னால் வைத்து 1930-களிலேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் ஜெயித்துக் காட்டியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உலகம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது கூப்பருக்குப் பிறகுதான்.

பி.எம்.டபிள்யூ. 1955-ல் விற்ற முட்டை வடிவ இசெட்டா காரும் பைக் இன்ஜினில் ஓடியதுதான். 1963-ல் ஹோண்டா தன் முதல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தபோது பின் சக்கரங்களுக்குப் போட்டது எது தெரியுமா? செயின்!

சரி, இதையெல்லாம் பெரிய கம்பெனிகள்தான் செய்ய முடியுமா? இல்லவே இல்லை. பிரிட்டனில் வீட்டு கராஜில் கார் செய்வது ஒரு தலைமுறைப் பழக்கம். 1957-ல் காலின் சாப்மேன் வெளியிட்ட லோட்டஸ் செவன் காரைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால், முழுக் காருக்கு உண்டான கொள்முதல் வரி கிடையாது! பூட்டும் முறையை எழுதித் தந்தால் வரிச் சலுகை போய்விடும் என்பதால், கழற்றும் முறையை எழுதித் தந்து, அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. 1973-ல் அந்த வரி ஒழிந்தது. அதே ஆண்டு கேட்டர்ஹாம் நிறுவனம் அந்தக் காரை வாங்கிக்கொண்டு இன்னும் செய்துவருகிறது.

1996-ல் ரான் சாம்பியன் எழுதிய ஒரு புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாகம் பாகமாக விற்கும் கிட்கூட வேண்டாம், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றையும் சதுர இரும்பு பைப்பையும் வாங்கு, 250 பவுண்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் செய் என்றது! அந்த விலைக்குள் முடித்தவர்கள் எத்தனை பேரோ, புத்தகத்தைப் பார்த்து வெல்டிங் மெஷின் வாங்கியவர்கள் ஏராளம். 'லோகாஸ்ட்' என்ற பெயரில் அது தனி இனமாகவே வளர்ந்து, அதற்கென்று ரேஸ் தொடரும் வந்தது.

அந்தக் கூட்டில்தான் பைக் இன்ஜின் வந்து உட்கார்ந்தது. ஏன்? 1992-ல் வந்த ஹோண்டா ஃபயர்பிளேடு 893 சி.சி. 1998-ன் யமஹா ஆர்1 998 சி.சி., 150 குதிரைத்திறன். 1999-ன் சுஸுகி ஹயபுசா 1298 சி.சி., 170-க்கும் மேல். நிமிஷத்துக்கு 11,000 சுற்று என்றால் கிராங்க் ஒரு நொடியில் 183 முறை சுற்றுகிறது! இன்ஜின், கிளட்ச், ஆறு கியர் கொண்ட கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே அலுமினியக் கூட்டுக்குள். காரின் மொத்த எடை 450 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஹேட்ச்பேக் ஒன்றில் 90 குதிரைத்திறன் 900 கிலோவை இழுக்கிறது, ஒரு குதிரைக்குப் பத்து கிலோ. ஆர்1 இன்ஜின் போட்ட காரில் ஒரு குதிரைக்கு மூன்றே கிலோ!

எங்கிருந்து தொடங்குவது? இன்ஜின் மட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று காயலான் கடையில் வாங்கிவிடாதீர்கள். விபத்தில் சட்டம் வளைந்த முழு பைக்கை வாங்குங்கள். காரணத்தைக் கேட்டால் வியப்பீர்கள். பைக்கின் கம்ப்யூட்டருக்குத் தான் காருக்குள் இருப்பது தெரியாது! சைடு ஸ்டாண்டு இறங்கியிருக்கிறது என்று நினைத்தால் கியர் போட்டதும் இன்ஜினை அணைத்துவிடும். பைக் கீழே விழுந்தால் இன்ஜினை நிறுத்த ஒரு சாய்வு சென்ஸார் உண்டு. அதைப் படுக்கவைத்து மாட்டினால் கார் ஸ்டார்ட்டே ஆகாது. இம்மொபிலைசர் உள்ள பைக் என்றால், அதன் சாவி இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆகவே சாவி, மீட்டர், முழு வயரிங், கம்ப்யூட்டர், எரிபொருள் பம்ப் எல்லாம் ஒரே பைக்கிலிருந்து வர வேண்டும். அந்த இன்ஜின் ஓடுவதைக் கழற்றுவதற்கு முன்பே காதால் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்து, இன்ஜினை எப்படி உட்காரவைப்பது? பின்னால் வைத்தால் கூப்பர் வழி: ஸ்ப்ராக்கெட், செயின், டிஃபரன்ஷியல். செவன் மாதிரி முன்னால் வைத்தால் இன்ஜினையே 90 டிகிரி திருப்ப வேண்டும். பைக்கில் இடது பக்கம் இருந்த ஸ்ப்ராக்கெட் இப்போது காரின் பின்பக்கத்தைப் பார்க்கும். அதைக் கழற்றிவிட்டு ஒரு அடாப்டர் போட்டால், அங்கிருந்தே புரொப்பெல்லர் ஷாஃப்ட் பின் அச்சுக்கு ஓடும். பைக்கில் முன்பக்கம் இருந்த எக்ஸாஸ்ட் வாய்கள் காரின் இடது பக்கம் வந்துவிடும்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம். பைக் வளைவில் சாய்கிறது. 45 டிகிரி சாய்ந்து திரும்பும்போது பக்கவாட்டு விசையும் புவியீர்ப்பும் சமம். இரண்டும் சேர்ந்த விசை பைக்கின் தலையிலிருந்து டயர் வரை நேராக இறங்குகிறது. அதனால் அடியில் உள்ள ஆயிலுக்குத் தான் சாய்ந்ததே தெரியாது, சம்ப் என்ற அடித்தொட்டியில் மட்டமாகவே நிற்கும்! அதே வளைவில் அதே வேகத்தில் கார் திரும்பினால்? கார் சாயாது. சம்புக்குள் ஆயில் 45 டிகிரி சரிந்து ஒரு சுவர் மேல் ஏறி நிற்கும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் காற்றைக் குடிக்கும். கனெக்டிங் ராடு பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. நொடிக்கு 180 சுற்றில் அது ஒரு கணம் அறுந்தால் போதும், உலோகம் உலோகத்தைத் தின்னும். கடகடவென்று ஒரு சத்தம் வரும்போதே பேரிங் போயிருக்கும்.

எத்தனையோ நல்ல இன்ஜின்களைக் கொன்றது இந்தச் சின்ன விஷயம்தான்! சம்பைக் கழற்றி உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்க வேண்டும். ஆயில் உள்ளே வர ஓட்டைகளும், வெளியே ஓடாமலிருக்கக் கதவு போன்ற மடிப்புகளும் வேண்டும். டயர் பிடிப்பு அதிகம் உள்ள ரேஸ் காருக்கு ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப்பே சரி. தரையிலிருந்து உயரம் கிடைப்பதற்காகச் சம்பின் ஆழத்தை வெட்டிக் குறைப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும்.

ரிவர்ஸ்? பைக் கியர்பாக்ஸில் அது கிடையாதே! சிலர் ஷாஃப்டில் பல்சக்கரம் பூட்டி, ஸ்டார்ட்டர் மோட்டாரால் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். சிலர் ரிவர்ஸ் பெட்டி வாங்குகிறார்கள். பிரிட்டிஷ் சட்டப்படி ரோட்டில் ஓட்டும் இப்படிப்பட்ட கார் பின்னோக்கியும் போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

சேஸிஸுக்குப் பெரிய தொழிற்சாலை தேவையா? ஒரு அங்குல சதுர பைப், 1.6 மி.மீ. கனம், மட்டமான ஒரு பலகை போதும். பலகை மேல் முழு அளவில் வரைபடம் போட்டு, பைப்புகளை வெட்டி அடுக்கி, மரக்கட்டைகளால் அசையாமல் பிடித்து, முதலில் எல்லா மூட்டிலும் புள்ளி வெல்டிங் மட்டும் அடிப்பார்கள். ஒரு மூட்டை மட்டும் முழுதாக அடித்தால் சூடு இழுத்துச் சட்டத்தையே முறுக்கிவிடும். சதுரமாக நிற்கும் நாலு பைப்பின் மூலையைத் தள்ளினால் சாய்சதுரமாகிவிடும். குறுக்கே ஒரே ஒரு பைப் வைத்தால் இரண்டு முக்கோணம், அதன்பின் அசையாது! உயிரைக் காப்பது இந்த வெல்டிங்தான். கை பழகாதவர் பைப்பை வெட்டட்டும், தேய்க்கட்டும், புள்ளி வைக்கட்டும். முழு வெல்டிங்கைத் தேர்ந்தவர் அடிப்பதே முறை.

செய்து முடித்ததும் ரோட்டில் ஓட்டலாமா? பிரிட்டனில் ஓட்டலாம், தனி வண்டிக்கான அரசுச் சோதனையில் தேறினால். அந்தச் சோதனை எவ்வளவு நுணுக்கம் தெரியுமா? 100 மி.மீ. உருண்டை ஒன்று காரின் வெளிப்புறத்தில் தொடக்கூடிய விளிம்புகள் எல்லாம் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும்! நடந்து போகிறவர் மேல் உரசினாலும் கிழிக்கக் கூடாது என்பதற்காக.

இந்தியாவில் கதை வேறு. கம்பெனி தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வீட்டில் செய்த காருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி. வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது, அதுவும் கோயம்புத்தூரில்! செட்டிபாளையம் பக்கம் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துச் செய்த காரைக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். பெட்ரோல் கார்களுக்கு 710 சி.சி.க்குள் இன்ஜின் என்பது விதி, பைக் இன்ஜின்தான் இயல்பான வழி. முந்தைய தலைமுறை கே.டி.எம். 390-ன் 373 சி.சி. இன்ஜினைப் பல அணிகள் எடுக்கின்றன. இன்ஜின் குடிக்கும் காற்று முழுவதும் 20 மி.மீ. துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். காற்று அந்தத் துளையில் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், இன்ஜின் எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்கு மேல் ஒரு சொட்டுக் காற்றும் வராது! அந்த மைதானத்துக்குப் பெயர் தந்த கரிவர்தன், 1988-ல் ஃபார்முலா மாருதி காரைச் செய்து, எத்தனையோ இளைஞர்களைக் குறைந்த செலவில் ரேஸுக்குக் கொண்டுவந்த நம்ம ஊர்க்காரர்.

இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஆண்டே ஒரு முறை கரிக்குக் கூட்டிப்போங்கள். கல்லூரியில் அணி இருக்கிறதா என்று முதல் வருஷமே விசாரிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொடங்கச் சொல்லுங்கள். பட்ஜெட் போடும்போது முதல் வரியில் ஆயில் சம்ப் இருக்கட்டும், குதிரைத்திறனைக் கூட்டும் செலவெல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.