கிராண்ட்ஸ்லாம் இல்லாத இத்தாலி டென்னிஸில் ஜெயித்தது எப்படி?

பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளிலும் கிராண்ட்ஸ்லாம் போட்டியை நடத்துவது அந்தந்த நாட்டு டென்னிஸ் சம்மேளனம். டிக்கெட், டிவி உரிமை என்று வரும் வருமானம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஆண்கள் ஒற்றையரில் இவர்களின் கடைசி கிராண்ட்ஸ்லாம் பட்டம் எப்போது என்று பாருங்கள்: பிரான்ஸ் 1983 (யானிக் நோவா), ஆஸ்திரேலியா 2002 (லெய்டன் ஹெவிட்), அமெரிக்கா 2003 (ஆண்டி ராடிக்).

கிராண்ட்ஸ்லாமே இல்லாத இத்தாலி 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று வருஷம் டேவிஸ் கோப்பையை ஜெயித்தது. அதற்கு முன்னால் ஜெயித்தது 1976ல்! 2025ல் யானிக் சின்னரும் லொரென்சோ முசெட்டியும் ஆடவில்லை, அப்படியும் ஜெயித்தார்கள். ஆக, இது ஒரு சின்னரின் கதை மட்டும் இல்லை. அப்போ சம்மேளனம் என்னதான் செய்தது?

முதலில் ஏணியைப் புரிந்துகொள்வோம். கீழ்ப்படியில் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் சிறு போட்டிகள், நடுவில் சாலஞ்சர், மேலே ஏடிபி டூர். கீழ்ப்படியில் ஒரு போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். அதை எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டும். விமானம், ஓட்டல், கோச் எல்லாம் சொந்தச் செலவு. ரேங்கிங் புள்ளி இருந்தால்தான் பெரிய போட்டியில் இடம், அங்கே ஆடினால்தான் நிறையப் புள்ளி. 'அனுபவம் இருந்தால்தான் வேலை' என்கிற கதைதான்! திறமை இருந்தும் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

இத்தாலி கை வைத்தது இங்கேதான். சம்மேளனத்தின் ஆதரவோடு கிளப்புகளும் தனியார் அமைப்பாளர்களும் நாடு முழுக்க ஏராளமான சாலஞ்சர் போட்டிகளை நடத்துகிறார்கள். இத்தாலியப் பையன் ரயிலில் போய் ஆடிவிட்டு வரலாம். அதைவிட முக்கியம், போட்டியை நடத்துபவர்களுக்குச் சில வைல்டு கார்டு உண்டு. ரேங்கிங் போதாத உள்ளூர் ஆட்டக்காரரை அதில் நேராக இறக்கலாம்.

2019 பிப்ரவரியில் பெர்கமோ சாலஞ்சரில் 17 வயது சின்னர் நுழைந்தது அப்படித்தான். அப்போது அவர் ரேங்கிங் 500க்கும் கீழே. பட்டத்தையே ஜெயித்தார். அதே நவம்பரில் மிலானில் 21 வயதுக்குட்பட்டோருக்கான நெக்ஸ்ட் ஜென் போட்டி. மறுபடியும் வைல்டு கார்டு, மறுபடியும் பட்டம்.

இரண்டாவது விஷயம் கோச். முன்பெல்லாம் திறமையான சிறுவர்களை பீசா அருகே திர்ரேனியாவில் உள்ள தேசிய மையத்துக்குக் கூட்டிவந்து பயிற்சி கொடுப்பதுதான் வழி. பிறகு அணுகுமுறை மாறியது. பையன் தன் கோச்சிடமே இருக்கட்டும், பணமும் நிபுணர் உதவியும் நாங்கள் தருகிறோம் என்றார்கள். சின்னர் வளர்ந்தது போர்திகேராவில் ரிக்கார்டோ பியாட்டியின் அகாடமியில். முசெட்டிக்குச் சிறுவயதிலிருந்தே சிமோனே தர்த்தரினிதான் கோச். எல்லாவற்றையும் ஒரே சர்வரில் ஓட்டினால் என்ன ஆகும் என்று நம்ம துறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, 2008ல் சம்மேளனமே சூப்பர் டென்னிஸ் என்ற இலவச டிவி சேனலைத் தொடங்கியது. கட்டணச் சேனலுக்குள் பூட்டிவைத்த ஆட்டத்தை எந்தச் சிறுவன் தற்செயலாகப் பார்ப்பான்?

வைல்டு கார்டில் ஒரு நியாயக்கேடும் இருக்கிறது. ஒருவர் வைல்டு கார்டில் உள்ளே வந்தால், ரேங்கிங்கில் அவரைவிட மேலே உள்ள யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார். போட்டி நடத்த வசதியில்லாத நாட்டு ஆட்டக்காரருக்கு இந்தக் கதவே கிடையாது.

நமக்கும் இது புதிதல்ல. 2009 சென்னை ஓபனில் வைல்டு கார்டில் வந்த சோம்தேவ் தேவ்வர்மன், கார்லோஸ் மோயாவைத் தோற்கடித்து இறுதிப்போட்டி வரை போனார். அந்தப் போட்டி 2018ல் புனேக்குப் போனது; 2023க்குப் பிறகு அங்கும் இல்லை. போனது ஒரு வாரக் கொண்டாட்டம் மட்டும் இல்லை, அடுத்த சோம்தேவுக்கான நுழைவுச்சீட்டும்தான்.

எந்தப் பையன் சாம்பியன் ஆவான் என்று எந்தச் சம்மேளனத்தாலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. எத்தனை பையன்களுக்கு, எத்தனை தடவை வாய்ப்பு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்க முடியும். இத்தாலி அதைச் செய்தது.