நாளையும் நீந்த ஒரு கடல்

நெடுந்தூரம் – 17

சென்ற வாரம் ராஜாஜியின் உப்புப் படையோடு திருச்சியிலிருந்து வேதாரண்யம்வரை நடந்தோம். 1930 ஏப்ரல் 13-ல் கிளம்பிய அந்தத் தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் என்று ஊர் ஊராகக் கடந்து, அந்த மாதம் முடிவதற்குள் கடற்கரையை எட்டிவிட்டார்கள். இந்த வாரம் நாம் வேதாரண்யத்தில் நிற்காமல் இன்னும் தெற்கே போகிறோம். உப்பளங்களைத் தாண்டி, வெளிமான்கள் மேயும் சரணாலயத்தை ஒட்டிச் செல்லும் சாலை கோடியக்கரையில் முடிகிறது. காவிரி டெல்டாவின் தென்கிழக்கு மூலை அது. அதற்கப்பால் பாக்கு நீரிணை. அக்கரையில் யாழ்ப்பாணத்தின் வடமராட்சி.

இந்தக் கடலுக்கென்று ஒரு பருவம் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று எழும்புவதற்கு முன், மார்ச்சிலும் ஏப்ரலிலும் சில வாரங்கள் அலை அடங்கிக் கிடக்கும். அப்போது டெல்டாவில் சம்பாவும் தாளடியும் அறுத்து முடித்து, வயல்களில் உளுந்தும் பயறும் காய்த்திருக்கும். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுவது வழக்கம் என்பதால் வாய்க்கால்கள் வறண்டிருக்கும். நீரிணையை நீந்த நினைப்பவர்கள் ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்துவிட்டுக் காத்திருப்பது இந்தச் சில வாரங்களுக்காகத்தான்.

அப்படி ஒரு பருவத்தில், 1954 மார்ச் 25 அன்று, வல்வெட்டித்துறையில் மு. நவரத்தினசாமி கடலில் இறங்கினார். பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தி, மறுநாள் நம் கோடியக்கரையில் கரையேறினார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்று பதிவாகியிருப்பவர் அவர்தான்.

27 மணி நேரம் என்றால் ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும் போதாது. இடையே உள்ள தூரம் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். மாரத்தான் ஓட்டக்காரர் கால் வலித்தால் நடக்கலாம், ஓரமாக நிற்கலாம். கடலில் நிற்க இடமில்லை. துணைக்கு வரும் படகைத் தொட்டாலே முயற்சி முடிந்தது. கஞ்சியோ பாலோ குளுக்கோஸோ, நீட்டியதை மிதந்தபடியே வாங்கிக் குடிக்க வேண்டும். உப்புநீர் பட்டுப்பட்டு நாக்கு தடித்துவிடும். அக்குளிலும் கழுத்திலும் தோல் உரசிப் புண்ணாகும். சொறிமீன் சுணையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது நீரோட்டம். மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் அது திசை மாறினால், ஒரு மணி நேரம் கைவீசியும் இருந்த இடத்திலேயே இருக்க நேரும். சில வேளை பின்னாலும் தள்ளிவிடும்.

இதற்கு உடலைத் தயார் செய்வது எப்படி? இன்றைய நெடுந்தூர நீச்சல்காரர்கள் முதல் நாள் பல மணி நேரம் நீந்தி, மறுநாள் அந்த அலுப்பு தீராத உடம்போடு மீண்டும் இறங்குவார்கள். இருட்டு பழக வேண்டும் என்பதற்காகவே இரவில் நீந்துவார்கள். ஆங்கிலக் கால்வாயை நீந்த அனுமதி கேட்பவர், குளிர்ந்த நீரில் ஆறு மணி நேரம் இடைவிடாமல் நீந்திக் காட்டினால்தான் பெயரைப் பதிந்துகொள்கிறார்கள். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், தினமும் அதே நேரத்துக்கு அதே தண்ணீரில் இறங்குவதுதான் பயிற்சி. ஒரு நாள் பயிற்சியால் எதுவும் வந்துவிடாது; நேற்றையதன்மேல் இன்றையது, இன்றையதன்மேல் நாளையது என்று ஏறிக்கொண்டே போக வேண்டும்.

அதாவது, நெடுந்தூரப் பயிற்சிக்கு முதல் தேவை நாளை என்ற ஒன்று உறுதியாக இருப்பது. இதே கடல் நாளைக்கும் திறந்திருக்கும், இதே கரையில் நமக்காக யாராவது காத்திருப்பார்கள் என்ற உறுதி. இன்றைய அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். போர் பறிக்கும் பொருள்களில் மிகப் பெரியது அந்த நாளைதான்.

நவரத்தினசாமி நீந்திய ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து ஒப்புக்கொண்ட கடல் எல்லைக்கோடு இந்த நீரிணையில் கிடையாது. அது 1974-ல்தான் வரையப்பட்டது. வல்வெட்டித்துறைக்காரர்களுக்குக் கடல் என்பது முற்றம். பாய்மரக் கப்பல் கட்டுவதில் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றிய பிறகு, 1938-ல் பாய் விரித்தே மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் நீந்தியே கோடியக்கரைக்குப் போகலாம் என்று நினைத்ததில் வியப்பில்லை.

அதே வல்வெட்டித்துறையில் 1943-ல் பிறந்தவர் குமார் ஆனந்தன். படிப்பால் வழக்கறிஞர். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆழிக்குமரன். 1971-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் தலைமன்னாருக்கே நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு இரவுகள் தூங்காமல் நீரில். உடலை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதைச் சோதிப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் அவர். நிற்பது, நடனமாடுவது, நீரில் மிதப்பது என்று பல சாதனைகளுக்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார்.

பிறகு 1983 ஜூலை வந்தது. இலங்கையில் தமிழர்கள்மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறை உள்நாட்டுப் போராக மூண்டது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு, 2009 மே வரை, பாக்கு நீரிணை போர்முனையாகவே இருந்தது. கடற்படைப் படகுகள் ரோந்து சுற்றின. இரவில் கடலுக்குப் போகத் தடை, மீன்பிடிக்கத் தடை என்று வடக்குக் கரை பூட்டப்பட்டது. வல்வெட்டித்துறையில் 1985 மே மாதம் இலங்கை ராணுவத்தாலும், 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படையாலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். நவரத்தினசாமி இறங்கிய கரை அது. அங்கே ஒரு சிறுவன் விடியற்காலையில் எழுந்து பயிற்சிக்காகக் கடலில் இறங்குவான் என்று அந்த ஆண்டுகளில் யாராவது எதிர்பார்த்திருக்க முடியுமா?

போர் தொடங்கி ஓராண்டு ஆனபோது ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போனார். வயது 41. பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பான நீரில் வளர்ந்த உடல், கோடையிலேயே 15 முதல் 18 டிகிரிக்குள் இருக்கும் நீரில் இறங்கியது. 1984 ஆகஸ்ட் 6 அன்று அந்த முயற்சியிலேயே அவர் உயிர் பிரிந்தது. சொந்த ஊர் தீப்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொரு கடலை வெல்லக் கிளம்பிய மனிதரின் நெஞ்சுரத்தை நாம் மறக்கக் கூடாது. வல்வெட்டித்துறையில் இன்று அவர் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது.

போர்முனையில் வேலையும் செய்துகொண்டு, நெடுந்தூரப் பந்தயத்துக்கு உடலையும் தயார் செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் உலகில் உண்டு. செக் நாட்டு எமில் சாட்டோபெக் ஸ்லீன் நகரின் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் தொழிலாளி. நாடு நாஜிகளின் பிடியில் இருந்தது. 1941-ல் தொழிற்சாலை கட்டாயப்படுத்தியதால் ஓடிய ஒரு பந்தயம்தான் அவரை ஓட்டத்துக்குள் இழுத்தது. வேலைக்குப் போகும் வழியில் மரத்துக்கு மரம் மூச்சை அடக்கிப் பழகினார். 1944-ல் 2,000, 3,000, 5,000 மீட்டர் மூன்றிலும் தன் நாட்டுச் சாதனைகளை முறியடித்தார். அதே ஆண்டு நவம்பரில் விமானக் குண்டுகள் அந்தத் தொழிற்சாலையைத் தகர்த்தன. பிறகு ராணுவத்தில் சேர்ந்து, கனத்த பூட்ஸோடு ஓடிப் பழகினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார்.

பாலஸ்தீனத்தின் பெத்லகேமில் 2013-ல் ஒரு மாரத்தான் தொடங்கினார்கள். சோதனைச் சாவடியும் மதிலும் குறுக்கிடாமல் 42 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாதை அங்கே அமையவில்லை. அதனால் முழு மாரத்தான் ஓடுபவர்கள் ஒரே பாதையை இரண்டு முறை சுற்றி வருகிறார்கள். ஓட முடியாத தூரத்தை உலகுக்குக் காட்டுவதற்காகவே ஓடப்படும் பந்தயம் அது.

இவர்களைப் போற்றும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒரு சாட்டோபெக் மேலே வந்தார் என்பதற்காகப் போர் மனிதரைப் புடம் போடுகிறது என்று சொல்லிவிட முடியாது. அவர் காலத்தில் அதே வயதுக்காரர்கள் எத்தனை பேர் ஓடாமலே போனார்கள் என்பதை எந்தப் பதக்கப் பட்டியலும் சொல்லாது.

நம் கரையிலும் போர்முனையில் வேலை பார்த்தவர்கள் உண்டு. அக்கரைப்பேட்டை, புஷ்பவனம், ஆர்க்காட்டுத்துறை, கோடியக்கரை மீனவர்கள் அந்த ஆண்டுகள் முழுக்க இதே நீரிணையில்தான் வலை விரித்தார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரையில் சீசன். வெளியூர்க்காரர்களும் அங்கே குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்கள், பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர்கள் இல்லாத மீனவக் குப்பம் இந்தக் கரையில் அரிது. இரவெல்லாம் வலையோடு விழித்திருந்து, நீவாடு பார்த்து, படகு கவிழ்ந்தால் மணிக்கணக்கில் மிதந்து கரை சேரத் தெரிந்த உடல்கள் அவை. எந்தப் பந்தயத்திலும் பெயர் பதியாத நெடுந்தூர வீரர்கள் என்று அவர்களை நான் எண்ணுகிறேன். போர் முடிந்த பிறகும் எல்லையில் கைதும் படகுப் பறிமுதலும் நிற்கவில்லை. அவர்களுக்கு அந்த நாளை இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை.

நீச்சல் மட்டும் போருக்கு நடுவிலும் அங்கங்கே தலைகாட்டியது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாக 1994-ல் பாக்கு நீரிணையைக் கடந்த குற்றாலீஸ்வரனைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 1966-ல் ஒரே ஆண்டில் ஐந்து கால்வாய்களை நீந்திய மிகிர் சென்னின் சாதனையை, அந்த 1994-லேயே ஆறு கடந்து முறியடித்தவர் அவர். 2002 போர்நிறுத்தம் தந்த மூச்சுவிடும் நேரத்தில், 2004-ல் வங்கத்தின் புலா சௌத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். போர் முடிந்த பிறகு வருபவர்களின் எண்ணிக்கை கூடியது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப் படையைச் சேர்ந்த ரோஷன் அபேசுந்தர அதே வழியில் போய்த் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் 28 மணி 19 நிமிடம். ஆனந்தனின் 51 மணி நேரம் முறியடிக்கப்பட அரை நூற்றாண்டு ஆனது. மறு ஆண்டு மார்ச்சில், ஆட்டிசம் உள்ள பதின்மூன்று வயது ஜியா ராய் அந்த நீரிணையை 13 மணி 10 நிமிடத்தில் கடந்தார்.

இவை பெரும்பாலும் தலைமன்னார் – தனுஷ்கோடி வழி. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் என்பதால் அதுவே எல்லோருக்கும் உகந்த பாதையாகிவிட்டது. முதல் பாதையோ வல்வெட்டித்துறை – கோடியக்கரை. அந்தப் பாதை மீண்டும் உயிர்பெற வேண்டும் என்பது என் ஆசை. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. பயணிகள் கப்பல் போகும் கடலில், இரு அரசுகளின் அனுமதியோடும் இரு நாட்டுக் கடற்படையின் துணையோடும், ஆண்டுக்கொரு முறை மார்ச் கடைசி வாரத்தில் ஒரு தொடர் நீச்சல் நடத்த முடியாதா? வடமராட்சிப் பிள்ளைகள் பாதித் தூரம், வேதாரண்யம் பிள்ளைகள் மீதித் தூரம். ஒருவர் கை ஓயும்போது மற்றவர் நீரில் இறங்கட்டும்.

அதற்கு முதலில் நம் கரையில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சுனாமி அடித்துப்போன இந்தக் கடற்கரையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான கடல் நீச்சல் பயிற்சி வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோரப் பள்ளிகளில் நவரத்தினசாமி யார் என்று ஒரு பாடம் வேண்டும். எந்த மண்ணை நோக்கி அவர் ஓர் இரவும் பகலும் கைவீசினாரோ அந்த மண்ணின் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு மனிதர் 27 மணி நேரம் நீந்தியதில் அவருடைய வலிமையும் இருக்கிறது, அவரைத் தடுக்காத கடலின் அமைதியும் இருக்கிறது. வலிமையைப் பிள்ளைகள் தாங்களே பயிற்சியால் சேர்த்துக்கொள்வார்கள். அமைதியைப் பெரியவர்கள் நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும்.

அடுத்த வாரம் மீண்டும் தரைக்கு வருவோம். ராணுவ ஆள்சேர்ப்பின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்காகக் கல்லணைக் கால்வாய்க் கரைகளில் விடியுமுன் ஓடும் டெல்டா இளைஞர்களின் கதை அது.

(நெடுந்தூரம் தொடரும்)