மலையடிவாரத்து ரேடார்

தைவான் தீவின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் மலைத்தொடரில் 3,000 மீட்டரைக் கடந்த சிகரங்கள் பல இருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் கடலீரம் அச்சரிவுகளில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, பெருமழையாகக் கொட்டிவிடுகிறது. 2009 ஆகஸ்டில் வந்த மோரகாட் சூறாவளி, அலிஷான் மலையில் சில தினங்களுக்குள் 2,700 மில்லிமீட்டருக்கு மேல் மழையைப் பொழிந்ததோடு, ஷியாவோலின் என்னும் கிராமத்தையே மலைச்சரிவில் புதைத்துச் சென்றது.

இத்தகைய மழையை அளப்பதற்கு, தொலைவில் நிரந்தரமாக நாட்டிய ரேடார் மட்டும் போதாது. அரைப்பாகைச் சாய்வில் அனுப்பிய அலைக்கற்றைகூட, சாய்வோடு பூமியின் வளைவும் சேர்வதால், 100 கிலோமீட்டர் சென்றதும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. மலை குறுக்கிட்டால் கற்றையை இன்னும் உயர்த்தவேண்டும். மலைமழையோ பெரும்பாலும் அதற்குக் கீழேதான், சரிவை ஒட்டிய மேகத்தில் துளியோடு துளி மோதிச் சேர்ந்து வளர்கிறது.

துளியின் பரிமாணத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளியில் ஒரு மில்லிமீட்டர் துளியைப்போல் எட்டு மடங்கு நீரே இருக்க, அது திருப்பியனுப்பும் எதிரொலியோ 64 மடங்கு. ஆகவே எண்ணற்ற சிறுதுளிகளாகப் பெய்யும் மலைமழை, உள்ளபடி பலமானதாயினும், ரேடாரின் கண்ணுக்கு அற்பமாகவே தோன்றும்.

எனவேதான் ரேடாரை லாரியில் ஏற்றி மழை பிறக்கும் இடத்துக்கே கொண்டுசெல்லும் உபாயம் பிறந்தது. தைவானின் தேசிய மத்தியப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் நடமாடும் ரேடார், ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்குவது; அலை குறுகியதால் சிறிய அலைவாங்கியே போதுமென்பது சௌகரியம், கனமழையை ஊடுருவுகையில் அலை வலுவிழப்பது சங்கடம். அதற்குப் பரிகாரமாக, கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் இருவகை அலைகளை அனுப்புகிறார்கள். பெருந்துளிகள் விழும்போது தட்டையாவதால் கிடையலை சற்றே பின்தங்குகிறது. வலுவிழப்பால் பாதிக்கப்படாத அந்தப் பின்னடைவைக்கொண்டே மழையளவைக் கணித்துவிடலாம். என் மதிப்பில், ரேடார் நூல்களில் இதைவிட நேர்த்தியான யுக்தி வேறில்லை.

2008-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த பத்து சென்டிமீட்டர் ரேடாரும் மலைமழை ஆராய்ச்சிக்காகத் தைவானின் தென்மேற்குக் கரையோரத்தில் நிறுவப்பட்டது. லாரியும் ஏறமுடியாத பள்ளத்தாக்குகளில் இன்றும் மழைமானியே கதி.