பிறர் விட்ட புகையும் நம் உடற்பயிற்சியும்

உடலை உரமாக்க வேண்டும் என்னும் ஆர்வம் நம்மிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நம் முன்னோர் செய்த பயிற்சி இன்று இரும்பு எடைகளில் வந்து நிற்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலிமை தரும் பயிற்சி வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனமும் கூறுகிறது. ஆனால், "நான் பீடி சிகரெட்டைத் தொட்டதில்லை, நாள்தோறும் எடை தூக்குகிறேன், அடுத்தவர் விடும் புகை என்னை என்ன செய்யும்?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

புகைப்பவர் ஊதிவிடும் புகையோடு, பீடியின் நுனி எரிந்து எழும் புகையும் அறையில் கலக்கிறது. புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று கார்பன் மோனாக்சைடு. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இந்த நச்சு வாயுவை இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்கிறது. அந்த அளவுக்குத் தசைகளுக்குச் சேரவேண்டிய பிராணவாயு குறைகிறது. எடை தூக்கும் கை விரைவில் சோர்வதில் வியப்பென்ன?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உட்கொள்கிறோம். உழைக்கும்போது அது பல மடங்காகிறது. ஆகவே, புகை சூழ்ந்த இடத்தில் பயிற்சி செய்பவர், அங்கே சும்மா அமர்ந்திருப்பவரைவிட மிகுதியான நஞ்சை உள்ளிழுக்கிறார். பளுவைத் தூக்கும்போது இரத்த அழுத்தமும் உயர்கிறது. அரைமணி நேரம் பிறர் புகையில் இருந்தாலே, புகைக்காதவரின் இதய நாளங்கள் தேவைக்கேற்ப இரத்தவோட்டத்தைப் பெருக்கும் ஆற்றல் குறைகிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் 2001-இல் காட்டினார்கள். இதயம் மிகுதியாக உழைக்க வேண்டிய நேரத்தில் அதன் கையைக் கட்டிப்போடுவது போன்றது இது.

அப்படியானால் பயிற்சியால் பயனே இல்லையா? உண்டு. புகையால் நாட்பட்ட நுரையீரல் நோய் கண்டவர்களுக்குக்கூட, மருத்துவர் மேற்பார்வையில் செய்யும் எடைப்பயிற்சி கைகால் தசைகளை வலுப்படுத்துகிறது. ஆனால் கெட்ட நுரையீரலை அது பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. புற்றுநோய்க்குக் காரணமான நஞ்சைக் கழுவி வெளியேற்றுவதுமில்லை. பயிற்சி தசைக்கு உரம். புகைக்குக் கேடயம் அன்று.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பொது இடத்தில் புகைப்பது பிறருடைய வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்று கேரள உயர்நீதிமன்றம் 1999 ஜூலை 12-இல் தீர்ப்பளித்தது. 2001-இல் உச்சநீதிமன்றம் அதே வழியில் நாடெங்கும் ஆணையிட்டது. 2003-இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் கடுமையாயின. ஆகவே வடகரப்பதியின் தேநீர்க்கடையானாலும், எல்லை தாண்டிக் கோவையின் பேருந்து நிலையமானாலும், புகையை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

ஆனால் வீட்டுத் திண்ணைக்குள் அந்தச் சட்டம் நுழைவதில்லை. கணவர் புகைக்கும் வீட்டில், புகைக்காத மனைவியருக்கும் நுரையீரல் புற்றுநோய் மிகுதி என்று ஜப்பானின் ஹிராயாமா 1981-இலேயே எடுத்துக்காட்டினார். நம் அம்மாவும் தங்கையும் எடை தூக்கப் போவதில்லை. ஆனால் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஆகவே நண்பர்களே, பயிற்சிக்குப் புகையற்ற இடத்தைத் தேடுங்கள். புகையில் இருந்துவிட்டு வந்தால் உடனே பளுவைத் தொடாதீர்கள். இரத்தத்தில் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அப்பாவிடமும் மாமாவிடமும் பணிவோடு சொல்லுங்கள்: "விட முடிந்தால் விட்டுவிடுங்கள், முடியாவிட்டால் வீட்டுக்குள் வேண்டாம்." பளுவைத் தூக்கும் துணிவு உள்ளவர்களுக்கு இதைச் சொல்லும் துணிவும் வரவேண்டும்.